பெருந்தேவி என்னும் திருநாமம்

வில்லியனூரில் ஸ்ரீ வரதராஜப் பெருமாளுடன் எழுந்தருளியிருக்கும் தாயாருக்குப் பெருந்தேவி என்று திருநாமம். காஞ்சி அத்திகிரியில் பேரருளாளனுடைய தேவிகளுக்கும், புதுச்சேரி நகரத்து வரதராஜர் ஸந்நிதித் தாயாருக்கும் இதுவே திருநாமம். இந்நாட்டு வைணவக் குடிகளில் பெண்மகவுக்கு இதனை இடுவது நெடுநாள் வழக்கம். இன்றோ வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இது பெரும்பாலும் பாட்டிமார் பெயராகவே நிற்கிறது, சிறுமியரிடையே அருகிவிட்டது.

இச்சொல் முதலில் அரண்மனைக்குரியது. பட்டத்தரசியைக் குறிப்பது. சிலப்பதிகாரத்துப் பாண்டிமாதேவி, கோப்பெருந்தேவி எனப்படுகிறாள். வடமொழியில் மஹாதேவீ என்பதும் இப்பொருளதே. செம்பியன் மாதேவி என்னும் சோழப் பேரரசியின் பெயரில் அது அமைந்துள்ளது. ஸர்வலோக நாயகனுக்குப் பட்டமஹிஷி என்பதனால் பிராட்டிக்கே இப்பெயர் முழுதும் பொருந்திற்று. அரசியர் பட்டம் பிராட்டியின் திருநாமமாகி, அங்கிருந்து குடிமக்கள் இல்லங்களுக்கு வந்தது.

'பெரு' என்பது தமிழ். 'தேவி' என்பது வடசொல். பெயரே ஒரு மணிப்பிரவாளம். பாகூருக்கு இது புதிதன்று. 9ஆம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மனது 8ஆம் ஆட்சியாண்டில், அவ்வூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களை அளித்த செப்பேடு, வடமொழிச் சுலோகங்களும் தமிழ் உரைநடையும் ஒருங்கே கொண்டது. பிற்காலத்தாருக்கோ இக்கலப்பே குறையாயிற்று. தனித்தமிழ்ப் பெயர் தேடுவார் 'தேவி'யை விலக்கினர். வடமொழி ஒலியை விரும்புவார் 'பெரு'வைப் பழமை என்று ஒதுக்கினர்.

இதனினும் ஆழ்ந்த காரணம் இல்லத்துக்குள்ளேயே இருந்தது. பெயர்த்திக்குப் பாட்டியின் பெயரை இடுவது முறை. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லலாகாது என்பதும் முறை. ஆகவே பெருந்தேவி என்று பெயர் பெற்ற குழந்தையைத் தாய் அம்மாளு என்றோ பாப்பா என்றோ அழைத்தாள். அழைத்த பெயரே நிலைத்தது. இட்ட பெயர் மறைந்தது. மரியாதையே மறதிக்கு வழியாயிற்று.

இங்குப் பெரியாழ்வார் திருவுள்ளம் நினைக்கத்தக்கது. மக்களுக்கு எம்பெருமான் திருநாமத்தையே இடுமாறு அவர் ஒரு பதிகம் முழுவதும் (4-6) வற்புறுத்துகிறார். அவ்வாறு பெயரிட்டழைத்த தாய் நரகம் புகாள் என்கிறார். பெரியவாச்சான்பிள்ளையின் உரை இழந்துபோன இப்பகுதிக்கு மணவாள மாமுனிகள் வியாக்யானம் அருளிச்செய்தார். பலன், பெயரைச் சூட்டுவதோடு நில்லாமல் வாயார அழைப்பதிலும் உள்ளது. மகனை அழைத்த அஜாமிளன் வரலாறும் இதனையே காட்டும்.

அப்பதிகத்துத் திருநாமங்கள் எம்பெருமானுடையன. பிராட்டி திருநாமத்துக்கு இவ்வேற்றம் உண்டோ எனில், பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தின் தொடக்கத்திலேயே புருஷகார வைபவத்தைப் பேசியதை நோக்கலாம். அவன் திருவடி பற்றுவார்க்கு அவளே முன்னிற்பவள். அவள் திருநாமத்தை நாள்தோறும் மகள்மேல் வைத்து அழைப்பது அப்புருஷகாரத்தை நினைப்பதற்கு ஒரு வாயிலாகும்.

ஆதலின் இப்பெயரைக் காக்க விரும்பும் குடும்பங்கள் ஜாதகத்தில் எழுதுவதோடு அமையலாகாது. பாட்டியார் தாமே மருமகளுக்கு அனுமதி தந்து, குழந்தையைப் பெருந்தேவி என்றே அழைக்கச் செய்வது தகும்.