கோடிங் வருமா, வராதா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புனேயில் எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருக்கும் திருநெல்வேலி அக்கா, கையில் ஒரு தாளோடு வந்து நின்றார். ஒன்பதாவது படிக்கும் பையனைக் கோடிங் வகுப்பில் சேர்க்கப் போயிருக்கிறார். அங்கே அரைமணி நேரத் தேர்வு வைத்து, 100-க்கு 31 போட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

"இவனுக்கு ஆப்டிட்யூட் இல்லன்னு சொல்லிட்டாவ தம்பி. வருமா வராதான்னு நீயே பாத்துச் சொல்லேன்."

பையன் பின்னால் நின்றுகொண்டு தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தாளை வாங்கிப் பார்த்தேன். 2, 6, 12, 20 அடுத்து என்ன? இந்தப் படத்துக்குப் பிறகு எந்தப் படம் வரும்? இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்தால் எப்போது சந்திக்கும்? இப்படியே நான்கு பக்கம். ப்ரோக்ராம் என்று ஒரு வரிகூட இல்லை. நாமெல்லாம் கேம்பஸ் இண்டர்வியூவில் எழுதித் தள்ளிய அதே சரக்குதான். ஆனால் இந்தத் தாளுக்கு 70 வருடச் சரித்திரம் இருக்கிறது. அக்காவிடம் அன்றைக்கு முழுவதையும் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே.

1955-இல் ஐபிஎம் நிறுவனம் 'புரோகிராமர் ஆப்டிட்யூட் டெஸ்ட்' என்று ஒன்றைத் தயாரித்தது. காரணம் எளிது. கம்ப்யூட்டர்கள் விற்க ஆரம்பித்துவிட்டன, அவற்றை இயக்க ஆட்கள் இல்லை. அந்தப் படிப்பே கல்லூரிகளில் கிடையாது. வேலைக்கு வரிசையில் நிற்பவர்களில் யாரை எடுப்பது? எண் வரிசை, படப் பொருத்தம், கணக்குப் புதிர் என்று கேள்விகள் போட்டார்கள். 1967-ஆம் ஆண்டில் மட்டும் 7 லட்சம் பேருக்கு மேல் இந்தத் தேர்வை எழுதினார்கள் என்று கணக்கு இருக்கிறது.

சரி, இதில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் நல்ல புரோகிராமர்களாக ஆனார்களா? அந்தக் காலத்திலேயே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பயிற்சி வகுப்பு மதிப்பெண்ணோடு ஓரளவு ஒத்துப்போனது. வேலையில் காட்டும் திறமையோடு பெரிதாக ஒட்டவில்லை. ஆனாலும் தேர்வு நிற்கவில்லை. 500 பேரை ஒரே மதியத்தில் 50 ஆக்க இதைவிட மலிவான வழி வேறு இல்லையே!

1966-இல் கேனன், பெர்ரி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரோகிராமர்களிடம் விசாரித்து, 'இவர்களுக்குப் புதிர்கள் பிடிக்கும், மனிதர்களோடு பழகுவதில் நாட்டமில்லை' என்று ஒரு சித்திரம் வரைந்தார்கள். அந்தச் சித்திரத்தை வைத்து ஆள் எடுத்தால் அதே மாதிரி ஆட்கள்தான் உள்ளே வருவார்கள். பிறகு எண்ணிப் பார்த்தால் சித்திரம் சரியாகத்தான் இருக்கும்!

1968-இல் இன்னொரு புகழ்பெற்ற ஆய்வு வந்தது. சாக்மன், எரிக்சன், கிராண்ட் என்ற மூவர் அனுபவமுள்ள 12 புரோகிராமர்களிடம் ஒரே மாதிரி வேலையைக் கொடுத்தார்கள். பிழை நீக்கும் நேரத்தில், கடைசி ஆளுக்கும் முதல் ஆளுக்கும் 28 மடங்கு வரை வித்தியாசம் வந்தது. 'ஒருவர் பத்துப் பேருக்குச் சமம்' என்று ஐடி மேனேஜர்கள் மேடைக்கு மேடை சொல்வதன் வேர்களில் இது ஒன்று. உண்மையில் அந்த ஆய்வு திறமையை அளக்க நடந்ததே அல்ல. கம்ப்யூட்டர் முன்னால் நேரடியாக உட்கார்ந்து வேலை செய்வது வேகமா, கார்டுகளைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது வேகமா என்று பார்க்க நடந்தது. எல்லோரும் ஒரே மொழியிலும் எழுதவில்லை. இதையெல்லாம் பின்னால் வந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். ஆனால் 28 என்ற எண் ஓடிய வேகத்தில் திருத்தம் ஓடவில்லை.

இதே காலத்தில் நம் நாட்டில் என்ன நடந்தது? 1963-இல் ஐஐடி கான்பூருக்கு ஐபிஎம் 1620 கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. வடிகட்டுவதற்கு இங்கே புரோகிராமர்கள் எங்கே இருந்தார்கள்? வெளியிலிருந்து வந்த பொறியாளர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் 10 நாள் தீவிரப் பயிற்சி வகுப்புகள் நடத்தினார்கள். அவர்களுக்குக் கணிதம் தெரியும், ப்ரோக்ராம் தெரியாது. ஆகவே கணிதத்திலிருந்து ஃபோர்ட்ரானுக்கு நடத்திக்கொண்டு போனார்கள்.

இந்த வகுப்புகளில் முக்கியப் பங்கு பேராசிரியர் வி. ராஜாராமனுக்கு. ஈரோட்டில் பிறந்து, டெல்லியில் மதராசி எஜுகேஷன் அசோசியேஷன் பள்ளியில் படித்தவர். ஆமாம், ஊரைவிட்டு வந்த நம்மைப் போன்ற குடும்பங்களின் பிள்ளைகள் படித்த பள்ளிதான்! வகுப்பில் சொல்லிக்கொடுத்த அனுபவம் 1969-இல் புத்தகமாக வந்தது. அடுத்தடுத்து அவர் எழுதிய மலிவு விலைப் புத்தகங்களில்தான் இந்தியாவில் பல தலைமுறைகள் கம்ப்யூட்டர் கற்றன. என் கல்லூரிப் பையிலும் ஒன்று இருந்தது.

ஆக இரண்டு வழிகள். 'யார் தேறுவார்?' என்று கேட்பது ஒன்று. 'வந்திருப்பவர் எங்கே நிற்கிறார்?' என்று கேட்பது இன்னொன்று. ஆள் எடுக்க முதல் கேள்வி உதவுகிறதோ இல்லையோ, பாடம் நடத்த இரண்டாவது கேள்விதான் வேண்டும்.

1990-இல் மத்திய அரசு டோயெக் திட்டத்தில் ஓ, ஏ, பி, சி என்று நான்கு படிகள் வைத்தது. தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்த காலத்தில், எதற்குப் பிறகு எது என்றாவது அது ஒரு ஒழுங்கைக் கொடுத்தது. (அந்த அமைப்புதான் 2011-இல் நைலிட் என்று பெயர் மாறியது.) ஆனால் படியேறிய சான்றிதழ் கையில் இருப்பதும், ப்ரோக்ராம் எழுத வருவதும் ஒன்றா?

2001-இல் மெக்ராக்கன் என்ற பேராசிரியரின் தலைமையில் ஒரு குழு இதைச் சோதித்துப் பார்த்தது. நான்கு பல்கலைக்கழகங்கள், 216 மாணவர்கள். எல்லோரும் முதல் ப்ரோக்ராமிங் பாடத்தை முடித்தவர்கள். ஒரு சின்னக் கால்குலேட்டர் எழுதச் சொன்னார்கள். சராசரி மதிப்பெண், 110-க்கு 22.89! 2004-இல் லிஸ்டர் என்பவரின் குழு ஏழு நாடுகளில் இன்னும் கீழே இறங்கிப் பார்த்தது. எழுத வேண்டாம், இந்தச் சின்ன ப்ரோக்ராமைப் படித்து என்ன விடை வரும் என்று சொல், போதும் என்றார்கள். அதிலேயே பலர் தடுமாறினார்கள். வாசிக்கவே வராதவரிடம் கட்டுரை எழுதச் சொல்லிவிட்டு, 'இவருக்குக் கற்பனை போதாது' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

2006-இல் இங்கிலாந்தில் தெஹ்னாதி, போர்னட் என்ற இருவர் ஒரு அருமையான கேள்வியைக் கண்டுபிடித்தார்கள். ப்ரோக்ராமிங் வாசனையே இல்லாதவர்களிடம், 'ஏ என்பது 10, பி என்பது 20. இப்போது ஏ = பி என்று எழுதினால் ஏ-யில் என்ன, பி-யில் என்ன?' என்று கேட்டார்கள். யார் தங்களுக்கென்று ஒரு விதியை வைத்துக்கொண்டு, அது தப்பாகவே இருந்தாலும், எல்லாக் கேள்விக்கும் அதையே மாறாமல் பயன்படுத்துகிறார்களோ, அவர்கள் தேறுவார்கள் என்றார்கள். மற்றவர்களுக்கு ப்ரோக்ராமிங் வரவே வராது என்ற தொனியில் அந்தக் கட்டுரை உலகமெல்லாம் பரவியது. 2014-இல் போர்னட்டே, ஆதாரம் தாங்காத அளவுக்குச் சொல்லிவிட்டேன் என்று அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கேள்வி நல்ல கேள்விதான். அதை வைத்து மனிதர்களை இரண்டாகப் பிரித்ததுதான் கோளாறு.

இனி பாதுகாப்பு விஷயம். இங்கே கதை இன்னும் விபரீதம். படிப்படியாக மேலே போய், 'அட்வான்ஸ்டு' பாடத்தில் செக்யூரிட்டியைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது நம் வழக்கம். 1988 நவம்பரில் மோரிஸ் வார்ம் அன்றைய இணையத்தில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை முடக்கியது. அது நுழைந்த வழிகளில் ஒன்று, சி மொழியின் 'கெட்ஸ்' என்ற கட்டளை. டம்ளர் எவ்வளவு பெரியது என்று பார்க்காமல் பாலை ஊற்றிக்கொண்டே போவதைப் போன்றது அது. வழிந்த பால் பக்கத்து இலையில் ஓடும். இதைப் பயன்படுத்தியிருந்தது கற்றுக்குட்டிகள் அல்ல, யூனிக்ஸ் எழுதிய கெட்டிக்காரர்கள். அந்தக் கட்டளையைச் சி மொழியின் தரத்திலிருந்தே நீக்க 2011 வரை ஆனது. அதுவரை எத்தனை பாடப்புத்தகங்களின் ஆரம்ப அத்தியாயங்களில் அது இருந்தது!

2002 ஜனவரியில் பில் கேட்ஸ் தன் ஊழியர்களுக்கு, இனிப் புதிய வசதிகளைவிடப் பாதுகாப்புதான் முக்கியம் என்று கடிதம் எழுதினார். அடுத்த மாதமே விண்டோஸ் வேலையை நிறுத்திவைத்துவிட்டு, அந்தப் பிரிவின் சுமார் 8,500 பேரை வகுப்பில் உட்கார வைத்தார்கள். சீனியர், ஜூனியர் பாகுபாடு இல்லை. ப்ரோக்ராம் எழுதும் ஏணியில் உச்சியில் இருப்பவர், பாதுகாப்பு ஏணியில் முதல் படியில்கூட இல்லாமல் இருக்கலாம் என்பதை அவர்கள் ஒத்துக்கொண்ட நாள் அது.

பாடங்களே நோயைப் பரப்புவதும் உண்டு. 2017-இல் ஒரு ஆய்வுக்குழு, பிஎச்பி மொழிக்கு இணையத்தில் பிரபலமாக இருந்த பயிற்சிப் பாடங்களில் ஓட்டையுள்ள வரிகளைக் கண்டுபிடித்து, அதே மாதிரி வரிகளை கிட்ஹப்பில் 64,415 ப்ரோக்ராம் தொகுப்புகளில் தேடியது. அந்தப் பாடங்களின் சாயலை அப்படியே உரித்துவைத்த 117 ஓட்டைகள் கிடைத்தன. வாத்தியார் எளிமைக்காக விட்டுவைத்த ஓட்டை, மாணவன் கட்டிய வீட்டிலும் இருந்தது.

சில வருடங்களுக்கு முன் அலுவலகத்தில் ஒரு பயிற்சியைத் திட்டமிடும் பொறுப்பு எனக்கு வந்தது. 'உங்கள் திறமைக்கு நீங்களே 10-க்கு மதிப்பெண் போடுங்கள்' என்று தாள் கொடுத்தேன். முக்கால்வாசிப் பேர் 7 போட்டார்கள். அடக்கமும் கெத்தும் கலந்த எண் அது :-) அந்தத் தாளை வைத்து நான் போட்ட பாடத்திட்டம் முதல் நாள் மதியமே படுத்துவிட்டது.

அதற்குப் பிறகு மூன்றே கேள்விகள்தான் கேட்கிறேன். பத்து வரி ப்ரோக்ராமைக் கொடுத்து, என்ன விடை வரும் என்று கேட்பது ஒன்று. அதில் ஒரு சின்ன மாற்றம் செய்யச் சொல்வது இரண்டு. மூன்றாவது, 'பெயர் கேட்கும் பெட்டியில் ஒருவர் ஓ'பிரையன் என்று அடித்தால் என்ன ஆகும்?' நடுவில் இருக்கும் அந்த ஒற்றை மேற்கோள்குறி, கவனமில்லாமல் எழுதிய டேட்டாபேஸ் கட்டளையைப் பாதியில் முறித்துவிடும். திருடன் நுழைவதும் அதே விரிசல் வழியாகத்தான். பத்து வருட அனுபவசாலி முதல் இரண்டையும் ஊதித் தள்ளிவிட்டு மூன்றாவதில் முழித்திருக்கிறார். தனக்கு 3 போட்டுக்கொண்ட நாக்பூர் டிப்ளமோ பெண், 'சார், அது உடைஞ்சிடுமே' என்று இந்தியில் சட்டென்று சொன்னாள். இருவரையும் ஒரே எண்ணில் எப்படி அடைப்பது?

அன்றைக்குப் பையனை உட்கார வைத்து அந்த ஏ = பி கேள்வியைக் கேட்டேன். ஏ-யில் 20, பி-யில் 0 என்று எழுதினான். ஏன்டா என்றேன்.

"பி-ல இருந்தத எடுத்து ஏ-ல போட்டாச்சுல்ல அங்கிள்? அப்புறம் அங்க என்ன இருக்கும்?"

குழம்பைப் பாத்திரம் மாற்றினால் பழைய பாத்திரம் காலிதானே! அவன் கணக்கு சரி. இன்னும் இரண்டு கேள்வி கொடுத்தேன், அதே விதிப்படியே பதில் எழுதினான். "இது குழம்பு இல்லடா, ஜெராக்ஸ். ஒரிஜினல் அங்கயே இருக்கும்" என்றேன். அடுத்த நான்கும் சரி. கடைசியாக, ஏ-யில் இருப்பதையும் பி-யில் இருப்பதையும் இடம் மாற்றச் சொன்னேன். தாளைக் கிறுக்கினான், அடித்தான், மறுபடி எழுதினான். பத்து நிமிடம் கழித்து, "அங்கிள், இன்னொரு டப்பா வேணும்" என்றான்.

அக்காவிடம், "வருமா வராதான்னு எனக்குத் தெரியாதுக்கா. இப்ப எங்க நிக்கிறான்னு தெரியுது. அங்கேருந்து ஆரம்பிக்கலாம்" என்றேன். அந்த 31 மதிப்பெண் தாளை அவர் மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

இப்போது ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு வருகிறான். கூட இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு வருகிறான். அடுத்த வாரம் ஓ'பிரையன் பாடம்.