மயோடோனிக் டிஸ்ட்ரோபியும் கண்புரை அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களும்

மயோடோனிக் டிஸ்ட்ரோபி பரம்பரையாக வரும் தசை நோய். இறுகப் பிடித்த கை சட்டென்று விடாது, இமை தொங்கும், கழுத்தும் முகமும் மெலியும். 1909-இல் ஜெர்மானிய மருத்துவர் ஸ்டைனெர்ட் இதை விவரித்தார். இதன் முதல் வகைக்கான, 19ஆம் குரோமோசோமிலுள்ள மரபணுக் கோளாறு 1992-இல் கண்டறியப்பட்டது. முப்பது, நாற்பது வயதிலேயே புரை விழுவது இதன் அடையாளங்களில் ஒன்று. ஸ்லிட் லாம்ப் கருவியில் சிவப்பும் பச்சையுமாக மினுங்கும் துகள்கள் தெரியும். சிலருக்கு வெளியே தெரியும் ஒரே அறிகுறி இந்தப் புரைதான்.

மதுரையில் புரை அறுவை அன்றாட வேலை. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், 1992-இல் லென்ஸ் தயாரிக்கத் தொடங்கிய ஆரோலேப் நிறுவனமும் இங்கேதான் இருக்கின்றன. கிராமத்து முகாமில் பார்த்து, அழைத்து வந்து, லென்ஸ் வைத்து அனுப்பும் முறை முதியவரின் சாதாரணப் புரைக்கு அருமையாகப் பொருந்தும். மயோடோனிக் டிஸ்ட்ரோபி நோயாளிக்கு அது மட்டும் போதாது. அவருக்குச் சிக்கல் பெரும்பாலும் வீடு திரும்பிய பிறகே தலைகாட்டும்.

முக்கியமானது உறைச் சுருக்கம். லென்ஸை ஏந்தும் உறையின் முன்வாய், சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தாற்போல, சில வாரங்களிலோ மாதங்களிலோ குறுகும். உறையைத் தாங்கும் நார்களும் இவர்களுக்கு வலுவற்றிருக்கலாம். அப்போது லென்ஸ் இடம் பெயரும். முன்வாயைத் தாராளமாகத் திறப்பது முன்னெச்சரிக்கை. குறுகிவிட்டால் யாக் லேசரால் விளிம்பை வெட்டித் தளர்த்துவார்கள். பின்னுறை மங்குவதற்கும் அதே லேசர்தான். திறந்த வழி மீண்டும் மூடிக்கொள்வதும் உண்டு.

இமை முழுதாக மூடாததால் கருவிழி வறண்டு புண்ணாகலாம். இரவில் களிம்பு வேண்டும். கண் அழுத்தம் இவர்களுக்கு இயல்பிலேயே குறைவு. அறுவைக்கு முன் அளந்து எழுதி வைக்காவிட்டால், காயம் கசிகிறதோ என்ற வீண் குழப்பம் வரும். விழித்திரையிலும் மாற்றம் இருந்தால் பார்வை எதிர்பார்த்த அளவு தெளியாது.

அறுவையின்போது மயக்க மருந்தில்தான் உயிராபத்து. சக்சினைல்கோலின் தசைகளை விறைக்க வைக்கும்; தூக்க மருந்து மூச்சை அடக்கும். ஆகவே, கூடுமானவரை மரப்பு மருந்தே நல்லது. இதய மின்னோட்டத் தடையும் இந்நோயில் சகஜம் என்பதால் முன்கூட்டியே ஈசிஜி கட்டாயம்.

சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்தது என்று ஊரில் சொல்வதுண்டு. இந்த நோய்க்கு அது பொருந்தாது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு.