கண்ணீருக்கு ஓர் அணை

தெஹிவளைக் கால்வாய் தாழ்நிலங்களில் விழும் மழைநீரைக் கடலுக்குக் கொண்டு செல்கின்றது. மாரிகாலத்தில் அதன் வாயை மணல் மூடினால் நீர் பின்வாங்கித் தேங்கும். மனிதரின் கண்ணிலும் இத்தகைய வடிகால் உண்டு. மேலிமை, கீழிமை இரண்டிலும் மூக்கை அடுத்த ஓரத்தில் ஊசிமுனை போன்ற துளை ஒன்று இருக்கின்றது. கண்ணீர் அத்துளைகளினூடாகச் சிறு குழாய்களிற் புகுந்து, கண்ணீர்ப்பையை அடைந்து, மூக்கினுள் வடிகின்றது. அழுபவருக்கு மூக்கொழுகுவதும், கண்ணில் விட்ட மருந்து தொண்டையிற் கசப்பதும் இதனாலேயாம். கால்வாய் அடைபடுவது ஊருக்குக் கேடு. ஆனால் கண்ணின் வடிகாலை வேண்டுமென்றே அடைப்பது சிலருக்கு நன்மை. இதனை மருத்துவர் உணர்ந்துகொள்ள நெடுங்காலம் சென்றது.

கண்ணீர் மூளையிலிருந்து கசிகின்றதென்றே பண்டைக் கிரேக்கர் எண்ணினர். டென்மார்க்கு நாட்டவரான நீல்ஸ் ஸ்டென்சன் என்பார் 1662 இல் கண்ணீர்ச் சுரப்பியின் நாளங்களை விளக்கிய பின்னரே அவ்வெண்ணம் தளர்ந்தது. இவ்வகை உடற்கூற்றறிவு ஈழத்துக்குத் தமிழ் நூலாகவே வந்தமை பெருமைக்குரியது. மானிப்பாயிற் பணியாற்றிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், கிறேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலை ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் 1872 இல் தமிழில் வெளிவரச் செய்தார். மருத்துவத்தைத் தமிழிற் சொல்ல இயலாதென்போர் அந்நூலை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நன்று.

கொழும்பில் விக்டோரியா ஞாபகார்த்தக் கண் வைத்தியசாலைக்கு அடிக்கல் நாட்டப்பெற்ற 1903 ஆம் ஆண்டிலேயே, ஜேர்மனியில் ஒட்டோ ஷிர்மர் என்ற வைத்தியர் கண்ணீரை அளக்க எளிய வழியொன்றைக் கூறினார். மையொற்றுந்தாளில் வெட்டிய சிறு கீற்றைக் கீழிமையில் மாட்டிவிட்டு, 5 நிமிடங்களில் எவ்வளவு நனைகின்றதெனப் பார்ப்பதே அது. 5 மில்லிமீற்றருக்குக் குறைவாக நனைந்தால் கண் வறண்டதென்று கொள்வர். நூறாண்டு கடந்த பின்னும் இச்சோதனை கைவிடப்படவில்லை.

வறண்ட கண்ணின் துன்பம் எத்தகையதென்பதை உலகறியச் செய்தவர் சுவீடன் நாட்டுக் கண் வைத்தியர் ஹென்றிக் ஷோகிரன். மணல் விழுந்தாற்போலக் கண் உறுத்த, வாயும் வறண்டு வந்த 19 பெண்களை அவர் ஆராய்ந்தார். அவர்களுள் 13 பேருக்கு மூட்டுவாதமும் இருந்தது. இது கண்ணளவில் நின்ற நோயன்று, உடல் முழுவதையும் பற்றிய நோய் என்று 1933 இல் தம் ஆய்வுரையில் எழுதினார். அவ்வாய்வுரைக்குக் கிடைத்த தரம் பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவிக்குப் போதவில்லை! பிற்காலத்தில் அந்நோய் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

நோயை அறிந்தாயிற்று, தீர்ப்பது எங்ஙனம்? சுரக்காத ஊற்றைச் சுரக்கச் செய்தல் அரிது. உள்ள நீரைக் காத்தல் எளிது. குளத்து மதகை மூடும் கமக்காரனுக்குத் தெரிந்த உபாயம்தான். 1935 இல் அமெரிக்க வைத்தியர் வில்லியம் பீதம் கண்ணீர்த்துளைகளைச் சுட்டு மூடும் முறையை எழுதினார். பலருக்குக் கண் குளிர்ந்தது. ஆயினும் சுட்ட துளையை மீளத் திறப்பது இலகுவன்று. கண்ணீர் ஓரளவு சுரப்பவருக்கு இதனைச் செய்துவிட்டால், வாழ்நாள் முழுவதும் கன்னத்தில் நீர் வழியக்கூடும். ஒரு துன்பத்தை நீக்கி மற்றொன்றைக் கொடுப்பதா என்று வைத்தியர் தயங்கியது நியாயமே.

இத்தயக்கத்தை நீக்கியவர் இருவர். 1961 இல் பிரித்தானிய வைத்தியர் வலஸ் போல்ட்ஸ், சில நாட்களிற் கரைந்துவிடும் ஜெலற்றின் குச்சியைக் குழாயினுட் செருகி, அடைப்பு ஒத்துக்கொள்ளுமா என்று முதலிற் சோதிக்கலாம் எனக் காட்டினார். 1975 இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்து ஜெரி பிறீமன், சிலிக்கோனாற் செய்த நுண்ணிய அடைப்பானை அறிமுகஞ் செய்தார். அதன் ஒரு முனை குழாயினுள்ளே பற்றிக்கொள்ளும். மறுமுனை தொப்பிபோல் துளையின் மேல் அமரும். வேண்டாவிடில் இடுக்கியாற் பிடித்து எடுத்துவிடலாம். மீளப்பெறக்கூடிய சிகிச்சை என்பதே இதன் தனிச்சிறப்பு.

இதே காலத்தில் வேறொரு கூட்டத்தார்க்கும் இவ்வடைப்பான் தேவைப்பட்டது. 1961 ஆம் ஆண்டு நத்தார்ப் பொழுதில், செக் விஞ்ஞானி ஒட்டோ விச்ரலே, பிள்ளைகளின் விளையாட்டுப் பொறித்துண்டுகளால் இயந்திரமொன்று அமைத்துத் தம் வீட்டு மேசையிலேயே மென்மையான தொடுவில்லைகளை வார்த்தெடுத்தார். 1971 இல் அமெரிக்க அரசு அனுமதி வழங்கவே, கொன்டக்ட் லென்ஸ் என வழங்கும் இவ்வில்லை எங்கும் பரவியது. இவ்வில்லை கண்ணீர்ப் படலத்தை முன்னும் பின்னுமாகப் பிரித்துவிடுகின்றது. முன்படலம் மெலிந்து விரைவில் ஆவியாகின்றது. நீரேற்ற வில்லையும் உலர்கின்றது. குளிரூட்டிய அலுவலகத்தில், இமைக்க மறந்து கணினித் திரையை நோக்கியிருப்பவருக்குச் சொல்லவே வேண்டியதில்லை. மாலையில் வில்லையைக் கழற்றி எறியத் தோன்றும்.

இவர்களிற் சிலருக்குக் கீழிமைத் துளையை மாத்திரம் அடைத்தாலே போதுமாகின்றது. முதலிற் சில நாட்களிற் கரையும் கொலாஜன் அடைப்பானை வைத்துப் பார்த்து, நலந்தருமாயின் சிலிக்கோன் அடைப்பானைப் பொருத்துவர். மருந்துத் துளியால் இடத்தை மரக்கச்செய்து, சில நிமிடங்களில் முடிக்கும் காரியம் இது. எனினும் வறட்சி யாவற்றுக்கும் இதுவே மருந்தென்று ஓடுவது தவறு. இமையோரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் கெட்டோ, கண் அழன்று சிவந்தோ இருந்தால், அழற்சி தரும் பொருள்கள் கலந்த கண்ணீரைத் தேக்கி வைப்பதால் நன்மை குறைவு. அழற்சியை முன்னர் ஆற்றவேண்டும். ஆழத்திற் செருகும் வகைகளாற் சிலவேளை குழாயிற் கிருமித்தொற்று உண்டாவதுமுண்டு. வில்லை அணியும் நேரத்தைக் குறைத்தாலே சுகம் காண்போரும் இருக்கின்றனர்; அவர்களுக்கு அடைப்பான் எதற்கு?

பொருத்திய பின் கண்ணைக் கசக்கலாகாது. தொப்பி இமையிலிருந்து நழுவி அடைப்பான் விழுந்துவிடுதலே இச்சிகிச்சையில் மிகுதியாக நேரும் குறை. விழுந்ததை அணிந்தவர் அறியாமலும் போகலாம். ஆதலாற் சில மாதங்களுக்கு ஒருமுறை வைத்தியர் உருப்பெருக்கிக் கருவியால் நோக்கி, அடைப்பான் தன்னிடத்தில் உள்ளதா என்று பார்ப்பது வழக்கம்.