பருவக் கூலி என்றொரு பெயர்

பதுளை, பசறை, மடுல்சீமை, அப்புத்தளை என விரிந்து கிடக்கும் ஊவா மலைத்தோட்டங்களின் வரலாற்றை ஆராயப் புகுவோர் முதலில் ஒரு சொல்லை ஆராய்தல் வேண்டும். "பருவக் கூலி" என்பதே அச்சொல். பருவத்துக்கு வந்தவன், பருவம் முடிந்ததும் போய்விடுவான் என்பது அதன் பொருள். ஒரு காலத்தில் அது உண்மையாகவே இருந்தது. உண்மை மாறிய பின்னரும் அந்தப் பெயரை ஏன் உயிரோடு வைத்திருந்தார்கள், அதனால் இலாபமடைந்தவர் யார் என்பதையே நாம் இங்கு கேட்கிறோம்.

கோப்பி ஆண்டு முழுவதும் பெரும் ஆட்படையைக் கேட்கும் பயிரன்று. களை பிடுங்கவும் கவாத்துச் செய்யவும் சிலர் போதும். பழம் சிவந்துவிட்டாலோ சில மாதங்களுக்குள் பறித்து முடித்தாக வேண்டும். தவறினால் மண்ணுக்குத்தான் இரை. 1840 முதல் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது துரைமாருக்கு வேண்டியிருந்தவை, அழைத்தபோது வந்து, முடிந்தபோது போகும் கைகளே. திருச்சி, தஞ்சை, மதுரை, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளில் நிலமற்ற உழவர்க்கு வேலையில்லா மாதங்கள் இருந்தன. கோப்பி பறித்துவிட்டுத் தை அறுவடைக்கு ஊர் திரும்பலாம் என்ற கணக்கு இரு தரப்புக்கும் பொருந்தியது போலத் தோன்றிற்று. நடந்து செத்தவர்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை.

தொண்டியிலும் பாம்பனிலும் தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், காட்டுவழியே நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளையை அடைந்தார்கள். குடிநீரில்லாத நாட்களையும் வாந்திபேதியையும் மலைக்காய்ச்சலையும் கடந்து வந்தவர்க்கே வேலை. மாத்தளையோடு பயணம் முடிந்தவர் பாக்கியசாலிகள். ஊவாவுக்கு விதிக்கப்பட்டவர் அதற்கப்பாலும் மலைமேல் மலை ஏற வேண்டியிருந்தது. பண்டாரவளைக்கு ரயில் வந்தது 1894இல். பதுளைக்கு வந்தது 1924இல்தான்.

இனி, வேலை தேடுவது எவ்வாறு நடந்தது என்று பார்ப்போம். தனியொருவன் தோட்டத்து வாசலில் போய் நின்று வேலை கேட்டுவிட முடியாது. கங்காணியின் கூட்டத்தில் ஒருவனாகவே அவன் போக வேண்டும். கங்காணி பெரும்பாலும் அவனுடைய ஊரான், சிலவேளை உறவினன். துரையிடம் முன்பணம் வாங்கி வந்து, ஊரில் அவன் பட்ட கடனைத் தீர்த்து, தோணிக்காசும் வழிச்சோறும் கொடுத்து அழைத்துப் போவான். அவ்வளவும் தொழிலாளியின் பேரில் பற்றாக எழுதப்படும். ஆகவே முதல் பழத்தைப் பறிக்குமுன்னரே அவன் கடன்காரன். தன் ஆட்களில் எத்தனை பேர் அன்று பெரட்டுக்கு வந்து வேலைக்கு இறங்குகிறார்களோ அத்தனை பேருக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. நோயாளியையும் அவன் வேலைக்கு விரட்டியதன் இரகசியம் இதுவே.

ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற விரும்பினால் "துண்டு" வேண்டும். இன்ன தொகையைச் செலுத்தினால் இன்னாரை விடுவிப்போம் என்று பழைய துரை எழுதித் தரும் சீட்டு அது. புதிய துரை பணத்தைக் கட்டுவார். கடன் தொழிலாளியின் தலையிலேயே நிற்கும். மாட்டுச் சந்தையில்கூட மாடு தன் விலையைத் தானே கட்ட வேண்டியதில்லை! துண்டின்றி வெளியேறத் துணிந்தவனை 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் குற்றவாளியாக்கிச் சிறைக்கு அனுப்பியது.

பறித்த பழம் தோட்டத்திலேயே தோல் நீக்கிக் காயவைக்கப்பட்டு மாட்டுவண்டியில் ஏறும். கொழும்புக் கோப்பிக் கிட்டங்கிகளில் பெண்களும் சிறுவர்களும் அமர்ந்து, உடைந்த கொட்டையையும் கறுத்த கொட்டையையும் கையால் பொறுக்கித் தரம் பிரித்தார்கள். கப்பல் வரும் மாதங்களில் வேலை, வராத மாதங்களில் பட்டினி. இவர்களைப் பற்றி நம் வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை.

சிங்களக் கிராமத்தான் சோம்பேறி, அதனால்தான் தமிழனை அழைத்தோம் என்று துரைமார் எழுதி வைத்தார்கள். 1818 கிளர்ச்சியில் ஊவாவின் வயல்களையும் குளங்களையும் அழித்த ஆட்சி, 1840இன் முடிக்குரிய நிலச் சட்டத்தால் கண்டிய விவசாயியின் காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் கைப்பற்றிக்கொண்டது. எஞ்சிய வயலை விட்டுத் துரையிடம் நாட்கூலிக்குப் போக அவன் மறுத்தான். அம்மறுப்புக்குச் சோம்பல் என்று பெயர் சூட்டினார்கள். நிலமிழந்தவனும் நிலமற்றவனும் ஒருவரையொருவர் பகைவராகக் காணும் நிலை இவ்வாறே விதைக்கப்பட்டது.

1869இல் ஊவாவின் மடுல்சீமையிலேதான் கோப்பி இலையில் மஞ்சட் துரு முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 1878இல் 2,75,000 ஏக்கர் வரை பரந்திருந்த கோப்பி, அடுத்த சில ஆண்டுகளில் அடியோடு சாய்ந்தது. அதற்குள் தமிழகத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. திரும்பிப் போக ஊரில் ஏதுமற்றவர்கள் ஆயிரமாயிரமாகக் கடல் கடந்தார்கள். கோப்பி நின்ற சரிவுகளில் தேயிலை ஏறியது. 1890இல் லிப்டன் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கினார்.

தேயிலைக்குப் பழப்பருவம் கிடையாது. ஏழெட்டு நாளுக்கொருமுறை அதே செடியில் கொழுந்து மீண்டும் நிற்கும். கச்சான் காற்று வறண்டு வீசும் ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு மணம் கூடி ஏலத்தில் விலையும் ஏறுமேயன்றி, மற்ற மாதங்களில் மலைக்கு ஓய்வு இல்லை. ஆகவே குடும்பம் வேண்டியதாயிற்று; கொழுந்தெடுக்கப் பெண்ணின் கை வேண்டியதாயிற்று. லயத்து அறையில் பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, அதே மலைக்குக் கூடை சுமந்தார்கள். பருவக் கூலி மறைந்து நிரந்தரத் தொழிலாளி வர்க்கம் தோன்றிவிட்டது. ஆயினும் கடனும் துண்டும் நீங்கவில்லை. முன்பு ஆளை வரவழைத்த கருவிகள் இப்போது ஆளைக் கட்டிவைத்தன. துண்டு ஒழிக்கப்பட 1921 வரை காத்திருக்க நேர்ந்தது. குறைந்தபட்சக் கூலி 1929இல் மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவர்க்கு 32 சதம் என வகுக்கப்பட்டது. கொழுந்தின் பெரும்பகுதியை எடுத்தவள் பெண் என்பதை இவ்விடத்தில் மறந்துவிடலாகாது.

இம்மக்கள் இந்த மண்ணை எவ்வாறு கருதினார்கள் என்பதற்கு 1940ஆம் ஆண்டின் வேவெஸ்ஸத் தோட்டமே சான்று. பதுளைக்கு அருகிலுள்ள அத்தோட்டத்தில் லங்கா சமசமாஜக் கட்சியின் சங்கத்தைச் சேர்ந்த தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தாங்களே தேர்ந்தெடுத்த தொழிலாளர் குழுவைக் கலந்தே துரை நிர்வாகம் நடத்த வேண்டும் என்ற நிலையைச் சிறிது காலத்துக்கேனும் உருவாக்கினார்கள் என்று இடதுசாரி இயக்க வரலாறு கூறுகிறது. போலீஸ் அடக்குமுறை அதை நசுக்கிற்று. ஜூன் மாதம் கட்சித் தலைவர்கள் சிறைப்பட்டார்கள். மலையைத் தன் இடமாகக் கருதாதவன் அதன் நிர்வாகத்தில் பங்கு கேட்பானா?

1947 தேர்தலில் பதுளையின் எஸ். எம். சுப்பையா உட்பட இலங்கை இந்தியக் காங்கிரஸார் ஏழு பேர் நாடாளுமன்றம் சென்றனர். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. கோப்பிக் காலத்தோடு மடிந்த பருவக் கூலி மீண்டும் எழுப்பப்பட்டான்: இவர்கள் வந்து போகிறவர்கள், இந்நாட்டில் வேரில்லாதவர்கள்! 1949இன் இந்திய பாகிஸ்தானியர் சட்டம், மணமானவர்க்கு 7 ஆண்டும் மணமாகாதவர்க்கு 10 ஆண்டும் இடையறாத வாசத்தை நிரூபிக்கச் சொன்னது. தாயின் சாவுக்கோ தங்கையின் கலியாணத்துக்கோ கடல் கடந்து போய் நாளாகித் திரும்பியவர்க்கு அந்தப் பயணமே எதிர்ச்சாட்சியாகிவிடக் கூடும். பிறப்புச் சான்றிதழை லயத்தில் எங்கே வைத்துக் காப்பது? 8 லட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தும் சுமார் 1,34,000 பேருக்கே குடியுரிமை கிட்டியது. 1952 தேர்தலில் மலைநாட்டுத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோருக்கு வாக்கில்லை. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோரைப் பற்றிய சட்டச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெரும்பாலும் தீர்ந்தது.

2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அங்கு புதையுண்டவர்கள் தலைமுறை தலைமுறையாக அதே மலையில் கொழுந்து எடுத்தவர்களின் சந்ததியினர். அந்த மலைச்சரிவில் தமக்கெனக் காணியோ வீட்டுறுதியோ அவர்களிடம் இருக்கவில்லை. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளுக்குக் கைமாறிய பின்னர், பதிவுபெற்ற தொழிலாளரின் தொகை தேய்ந்துகொண்டே வருகிறது. கைக்காசுக்கு அன்றன்று அழைக்கப்படுவோர் பெருகுகின்றனர். பதுளை ரயிலேறி இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்குப் போகிறார்கள். பெண்கள் வளைகுடா நாடுகளுக்குப் போகிறார்கள். அவர்களை அனுப்புகிற முகவர் முன்பணத்தைக் கணக்கில் எழுதிக்கொள்கிறார்.