வெண்பனிப் பாட்டும் மூவார் ஆறும்

மூவாரில் பனி பொழிவதில்லை. ஆண்டின் இறுதியில் அங்கு வானம் வழங்குவது மழை ஒன்றே. ஆயினும், டிசம்பர்த் திங்கள் பிறந்துவிட்டால், வெண்பனியைப் பாடும் மேனாட்டு மெல்லிசை நம் நாட்டு நகரங்களின் கடைத்தெருக்களிலும் ஒலிக்கத் தொடங்குகின்றது. பனியையே காணாத மக்கள் பனிப்பாட்டை விரும்புவானேன்? மேனாட்டு மோகம் என்று சொல்லிவிடுதல் எளிது. வரலாறோ வேறு விடை பகர்கின்றது.

அப்பாடல்களுள் தலையாயது 'ஒயிட் கிறிஸ்துமஸ்'. அதனை இயற்றிய இர்விங் பெர்லின் 1888 ஆம் ஆண்டு ரஷ்யப் பேரரசில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். ஐந்தாம் வயதிலேயே பெற்றோருடன் நியூயார்க்கிற்குப் புலம்பெயர்ந்தவர். கிறிஸ்துமஸ் அவர்தம் சமயத் திருநாள் அன்று. 1928 டிசம்பர் 25 இல், பிறந்து ஒரு திங்களும் நிரம்பாத தம் ஆண்மகவை அவர் இழந்தார். வெயில் காயும் கலிபோர்னியாவில் இருந்துகொண்டு பனியூரை எண்ணி ஏங்கும் ஒருவனின் குரலாகவே அப்பாடல் அமைந்தது. அஃதாவது, அது பனியைக் கண்டவன் களிப்பன்று. பனியைப் பிரிந்தவன் ஏக்கம்.

பிங் கிராஸ்பி அதனை வானொலியில் முதன்முதலாகப் பாடியது 1941 டிசம்பர் 25 இல். ஹாங்காங் ஜப்பானியரிடம் சரணடைந்ததும் அந்நாளே. அவ்வேளையில் ஜப்பானியப் படை பேராக் மாநிலத்தில் முன்னேறிக்கொண்டிருந்தது. சரியாக மூன்று வாரங்களில், 1942 ஜனவரி 15 இல், போர் மூவார் ஆற்றங்கரையை எட்டியது. அங்குக் காவல் நின்றது 45 ஆம் இந்தியப் படையணி. அதன் வீரருள் பலர் போதிய பயிற்சியும் பெறாத இளைஞர்கள். மறுநாளே நகரம் வீழ்ந்தது. பக்ரியில் கடும்போர் நிகழ்ந்தது. ஜனவரி 22 இல் பாரிட் சூலோங்கில், பின்வாங்க இயலாது விடப்பட்ட ஆஸ்திரேலிய, இந்தியக் காயமுற்றோர் ஏறக்குறைய 150 பேர் சிறைப்பட்டுக் கொல்லப்பட்டனர்.

அவ்வாண்டு நடுவில் இசைத்தட்டாக வெளிவந்த அப்பாடல், கடல் கடந்து நின்ற அமெரிக்கப் போர்வீரரின் உள்ளத்தைக் கவர்ந்தது. 1943 இல் கிராஸ்பி 'ஐ வில் பி ஹோம் ஃபார் கிறிஸ்துமஸ்' என்னும் பாடலைப் பாடினார். திருநாளுக்கு இல்லம் திரும்புவேன் என உறுதி கூறும் ஒருவன், அது கனவாகவே முடியலாம் என்பதையும் உணர்ந்திருக்கும் நிலை அதன் பொருள். கார்ப்பருவத்தில் மீள்வேன் என்று சொல்லிப் பிரிந்த முல்லைத்திணைத் தலைவனைத் தமிழ் மாணவர் ஈண்டு நினைவுகூர்தல் தகும். பருவமும் நாடும் வேறு. பிரிவின் துயர் ஒன்றே.

பின்னர் வந்த 'ஜிங்கிள் பெல் ராக்' (1957) போன்ற ராக் பாடல்கள் ஆடலையும் களிப்பையும் கொணர்ந்தன என்பது உண்மையே. ஆயினும் போரின் நிழல் முற்றும் அகலவில்லை. 1971 இல் ஜான் லெனனும் யோகோ ஓனோவும் வியட்நாம் போரை எதிர்த்து 'ஹேப்பி கிறிஸ்துமஸ்' பாடலை வெளியிட்டனர். 1975 ஏப்ரலில் சைகோனை விட்டு அமெரிக்கர் வெளியேறுதற்குரிய வானொலிக் குறிப்பாகத் தெரிவுசெய்யப்பட்டதும் பெர்லினின் பனிப்பாட்டே.

1943 ஆம் ஆண்டிற்கு மற்றொரு முகமும் உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர், சயாம் மரண இரயில் பாதையில் நோயாலும் பசியாலும் மடிந்துகொண்டிருந்த ஆண்டும் அதுவே. அவர்களுக்கும் வீடு இருந்தது. திரும்பும் நாளை எண்ணிக் காத்திருந்த மனைவி மக்கள் இருந்தனர். அமெரிக்க வீரனின் ஏக்கத்தை இசைத்தட்டு காத்தது. நம் தொழிலாளியின் ஏக்கத்தைக் காக்க இசைத்தட்டு எதுவும் இல்லை.

ஆகவே, டிசம்பரில் கடைத்தெருவில் கேட்கும் பனிப்பாட்டை அயலார் பாட்டென்று ஒதுக்குதல் வேண்டா. அதனைக் கேட்கும் மாணவர், தம் பாட்டனும் பாட்டியும் தோட்டத்தில் பாடிய பாடல் யாதென்று வீட்டாரை வினவி எழுதிவைத்தல் வேண்டும். பிறர் ஏக்கத்தைப் பாடத் தெரிந்த நாம், நம் முன்னோரின் ஏக்கத்தை மறந்திருத்தல் முறையாகாது.