கூடை சுமந்த பெண்: மதராஸ் மீன்தொழிலின் நீர்வண்ணப் பதிவுகள்

18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மதராஸ் கடற்கரையை நீர்வண்ணத்தில் தீட்டிய ஐரோப்பிய ஓவியர்கள், புனித ஜார்ஜ் கோட்டைக்கும் தொலைவில் நங்கூரமிட்டு நின்ற கப்பல்களுக்கும் இடைப்பட்ட அலைப்பரப்பில் பெரும்பாலும் இரண்டு கலங்களை வரைந்தனர். ஒன்று கட்டுமரம், மற்றொன்று மசூலா எனப்பட்ட தைத்த படகு. துறைமுகம் இல்லாத அந்நகரில் கப்பல் கரையை நெருங்க இயலாமையால், பயணியும் சரக்கும் கடிதமும் மீனவர்களின் கைகளைக் கடந்தே நிலம் சேர்ந்தன. 1790-களின் தொடக்கத்தில் மதராசுக்கு வந்து சென்ற ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியம் டேனியலும் கோட்டையைக் கடற்புறத்திலிருந்து காட்டிய புகழ்பெற்ற காட்சியிலும் அலையும் படகும் முன்னே நிற்க, வெள்ளைக் கட்டடங்கள் பின்னணியாகவே அமைகின்றன.

மசூலாவின் கட்டமைப்பு தனிக் கவனத்துக்கு உரியது. பலகைகளின் விளிம்பில் துளையிட்டு, மூட்டின் மேல் வைக்கோலையோ நாரையோ திணித்து, அதன் மீது தென்னங்கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்துத் தைத்தனர். ஆணியும் இல்லை, உள்ளே விலாச்சட்டமும் இல்லை. விறைப்பான படகு அலை தூக்கித் தரையில் அடிக்கும்போது பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுத்து அடியைத் தாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு அலைவரிசையையும் எண்ணிக் கணித்து, எந்த அலையின் முதுகில் ஏறுவது என்பதைப் பின்னணியத்தில் நீண்ட துடுப்புடன் நின்ற தண்டேல், அதாவது படகோட்டிகளின் தலைவர், முடிவு செய்தார். கட்டுமரமோ, சொல்லே உணர்த்துவதுபோல், சில மரங்களைக் கயிற்றால் கட்டியது மட்டுமே. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் உலர்த்துவர், ஏனெனில் நீர் ஊறிய மரம் கனத்துவிடும். ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் இச்சொல்லைக் குறித்தார். இன்று உலகின் பல மொழிகளில் இரட்டை உடல் கொண்ட கப்பலுக்கு வழங்கும் பெயர், சோழமண்டலக் கரையின் இந்த எளிய கலத்திலிருந்தே சென்றது.

ஐரோப்பிய ஓவியரின் கண் மீனவரைப் படகோட்டியாகவே கண்டது என்பதை மறுக்க இயலாது. அலையில் தத்தளிக்கும் சீமாட்டியும், கவிழ்ந்தவரை மீட்கக் காத்திருக்கும் கட்டுமரக்காரரும் அவர்களுக்கு விருப்பமான காட்சிகளாயினர். இங்கிலாந்திலிருந்து வந்த படைவீரர்கள் இவ்வாறு கரையிறங்கி, மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருந்த பூந்தமல்லிப் படைத்தங்கலுக்கு அனுப்பப்பட்டனர். ஆகவே பூந்தமல்லியின் ராணுவ வரலாறும் பட்டினவர் எனப்பட்ட கடல் மீனவர்களின் தோளில் ஏறித்தான் தொடங்குகிறது. ஆனால் அதே பட்டினவர் விடியலுக்கு முன் வலையுடன் கடலுக்குள் சென்றதை இவ்வோவியங்கள் அரிதாகவே காட்டுகின்றன.

இக்குறையை நிரப்புபவை, தஞ்சாவூரிலும் பிற நகரங்களிலும் உள்ளூர் ஓவியர்கள் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்காக வரைந்த தொழில் ஓவியங்கள். கம்பெனிப் பாணி என இன்று அழைக்கப்படும் இவற்றில், ஒவ்வொரு தொழிலும் கணவன் மனைவி என இருவராகக் காட்டப்படும். மீனவர் தாளில் ஆண் வலையையோ துடுப்பையோ ஏந்தி நிற்க, அருகில் பெண் மீன்கூடையைச் சுமந்து நிற்கிறாள். இவை சாதிகளை வகைப்படுத்தி விற்கப்பட்ட படங்கள் என்பதையும், வாங்கியவரின் ஆர்வத்துக்கேற்ப முகங்கள் ஒரே அச்சில் அமைந்தன என்பதையும் மறக்கலாகாது. எனினும், மீன்தொழிலின் பாதி கரையில் நடந்தது, அந்தப் பாதி பெண்களின் உழைப்பு என்ற உண்மையை டேனியல்களின் அழகிய அலைகளைவிட இந்தச் சிறிய தாள்களே நேர்மையாகப் பதிவு செய்துள்ளன.

அந்தக் கூடையைப் பின்தொடர்ந்தால் பாதை மேற்கு நோக்கித் திரும்புகிறது. 1842இல் மதராஸ் கடற்கரையில் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்தது. அது மீனுக்காக வந்ததன்று. எனவே பச்சை மீன் கூடை சுமந்த பெண்ணின் நடைக்கு எட்டிய தொலைவு வரையே செல்ல முடிந்தது. அதற்கப்பால் உள்நாட்டுக்குப் போவதற்கு மீன் உப்பிடப்பட்டுக் கருவாடாக வேண்டியிருந்தது. உப்போ 1805 முதல் மதராஸ் மாகாணத்தில் அரசின் ஏகபோகம். மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டே, 1873இல் வெளியான கடல் மீன்வள அறிக்கையில் உப்பு வரி மீன் பதப்படுத்தலை நசுக்குவதைச் சுட்டிக்காட்டினார். வரியில்லா உப்பு வழங்கும் மீன் பதன்கூடங்கள் அந்நூற்றாண்டின் கடைசிக் காற்பகுதியில்தான் பரவின. இதற்கிடையில், கூடை சென்ற அதே மேற்குத் திசையில், 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில்பாதை, மீனவர் குப்பங்கள் நிறைந்த ராயபுரத்திலேயே தொடங்கி, பெரம்பூர், அம்பத்தூர், ஆவடி வழியாக ஆற்காட்டுப் பகுதியின் வாலாஜா வரை திறக்கப்பட்டது.

மேற்கே இருந்த ஊர்கள் மீனுக்குக் கடலை மட்டும் நம்பியிருக்கவில்லை. அம்பத்தூர், ஆவடி, செம்பரம்பாக்கம் என ஏரிகள் சூழ்ந்த அந்நிலத்தில் நன்னீர் மீன்பிடிப்பு வேறொரு சமூகத்தின் தொழிலாக இருந்தது: எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 1909இல் வெளியிட்ட தொகுதிகளில், செம்படவர் ஏரியிலும் ஆற்றிலும் மீன்பிடிப்பவர், கடலுக்குச் செல்லாதவர் எனக் குறிக்கிறார். கோடையில் ஏரி வற்றும்போது இடுப்பளவு நீரில் வீச்சுவலை எறியும் அந்த உழைப்பில் அலையின் சீற்றமோ கப்பலின் பின்னணியோ இல்லை. கடற்கரையில் தூரிகையுடன் நின்றவர்களில் எவரையும் அது தன்பால் ஈர்க்கவில்லை போலும்.

1861இல் மதராஸ் கடற்கரையில் இரும்புத் தூண்கள் மீது அமைந்த நீண்ட பாலத்துறை வந்தது. அதன்பின் எழுந்த துறைமுகச் சுவர்கள் 1881 நவம்பர்ப் புயலில் சிதைந்தாலும் மீண்டும் கட்டப்பட்டன. பயணிகளை ஏற்றியிறக்கும் வேலை மசூலாவிடமிருந்து மெல்லப் பறிபோனது. ஓவியர்களும் அந்தக் கரையை விட்டு விலகினர். தைத்த படகோ கரைவலை இழுப்பதற்காக அதன் பின்னரும் கடலில் இறங்கிக்கொண்டிருந்தது.