இசைத்தட்டின் மறுபக்கம்

டிஸ்கோ என்றவுடன் நம்மில் பலருடைய நினைவுக்கு வருபவை, வெள்ளை உடையில் ஒரு கையை உயர்த்தி நிற்கும் ஜான் டிரவோல்டாவின் உருவமும் கூரையில் சுழலும் கண்ணாடிப் பந்தும்தாம். எழுபதுகளின் கேளிக்கை மோகம் அது. கொடிகட்டிப் பறந்தது, பிறகு கேலிக்கு ஆளாகி மறைந்தது என்று அதன் கதையை இரண்டு வரிகளில் முடித்துவிடுகிறோம். அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசைப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் இந்தச் சித்திரம் சரியென்றே தோன்றும். ஆனால் அப்பட்டியலின் உச்சியைத் தொட்ட பாடல்கள் எங்கிருந்து புறப்பட்டன என்று தேடினால், நமக்குக் கிடைப்பது வேறொரு வரலாறு.

அக்காலத்தில் தனிப்பாடல்கள் ஏழு அங்குல இசைத்தட்டில் வெளிவந்தன. நிறுவனம் விற்க நினைத்த பாடல் முன்பக்கத்தில் இருக்கும். மறுபக்கத்தில் இருப்பது பெரும்பாலும் இடத்தை நிரப்புவதற்காகச் சேர்க்கப்பட்ட பாடல். வானொலிக்காரர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. டிஸ்கோவின் வரலாற்றில் முக்கியமான இரண்டு திருப்பங்கள் இந்த மறுபக்கத்தில்தான் நிகழ்ந்தன.

1970 பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கின் பிராட்வேயில் இருந்த தம் வசிப்பிடத்திலேயே டேவிட் மன்குசோ என்பவர் ஒரு நடன விருந்து நடத்தினார். பிற்பாடு ‘தி லாஃப்ட்’ என்று அறியப்பட்ட இடம் அது. அழைக்கப்பட்டவர்கள் மட்டுமே வரலாம். மது விற்பனை கிடையாது. முந்தைய ஆண்டில்தான் ஸ்டோன்வால் விடுதியில் காவல்துறையின் சோதனையை எதிர்த்துத் தன்பாலீர்ப்பாளர்கள் கிளர்ந்தெழுந்திருந்தார்கள். ஆணும் ஆணும் சேர்ந்து ஆடுவதே தொல்லையை வரவழைத்த நகரத்தில், கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் தன்பாலீர்ப்பாளர்களும் அச்சமின்றி ஆடுவதற்குக் கிடைத்த ஒரு கூரை அது. அவர்களுக்கு நடனம் பொழுதுபோக்கு மட்டுமன்று என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

கேமரூன் நாட்டுக் கலைஞர் மனு திபாங்கோ, 1972ஆம் ஆண்டின் ஆப்பிரிக்கக் கால்பந்துக் கோப்பைப் போட்டிக்காக ஒரு பாடலைப் பதிவுசெய்தார். அந்தத் தட்டின் மறுபக்கத்தில் இருந்தது ‘சோல் மகோசா’. புரூக்ளினில் ஒரு கடையில் அதைக் கண்டெடுத்த மன்குசோ தம் விருந்துகளில் ஒலிக்கவிட்டார். ஆடியவர்கள் அதைத் தேடி அலைந்தார்கள், பிரதிகள் கிடைக்கவில்லை. பிறகே வானொலி அதைக் கையிலெடுத்தது. 1973இல் அது பில்போர்டு பட்டியலில் 35ஆம் இடத்தை அடைந்தது. ஒரு பாட்டை வானொலிக்கு முன்பே நடனத் தளம் மக்களிடம் கொண்டுசேர்க்க முடியும் என்பது அன்று புலனாயிற்று. அடுத்த ஆண்டே ‘ராக் த போட்’, ‘ராக் யுவர் பேபி’ ஆகிய பாடல்கள் அடுத்தடுத்து முதலிடத்தைப் பிடித்தன.

நடனத் தளம் இசைத்தட்டின் வடிவத்தையும் மாற்றியது. மூன்று நிமிடப் பாடல் ஆடுகிறவர்களுக்குப் போதவில்லை. டாம் மோல்டன் என்ற ஒலிக்கலவைக் கலைஞர் பாடல்களை நீட்டித் தரத் தொடங்கினார். ஒருநாள் ஏழு அங்குல வெற்றுத் தட்டுகள் தீர்ந்துபோகவே, அதைவிடப் பெரிய தட்டில் பாட்டு வெட்டப்பட்டது. வரிப்பள்ளங்களுக்கு இடையே இடைவெளி கூடியதால் ஒலி ஓங்கியது, அடித்தாளம் அழுத்தம் பெற்றது. 1976இல் டபுள் எக்ஸ்போஷர் குழுவின் ‘டென் பர்சென்ட்’, வால்டர் கிப்பன்ஸின் நீண்ட கலவையில், பன்னிரண்டு அங்குலத் தட்டாகப் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது.

அதே 1976இல் ‘நியூயார்க்’ இதழில் நிக் கோன் எழுதிய கட்டுரை ஒன்று வெளியாயிற்று. புரூக்ளினின் இத்தாலிய வம்சாவளி இளைஞர்களின் சனிக்கிழமை இரவுகளைப் பற்றிய நேரடிச் சித்திரம் என்று அது வாசிக்கப்பட்டது. அதிலிருந்து உருவானதே 1977 டிசம்பரில் வெளிவந்த ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’. அதன் இசைத்தொகுப்பு 1978இல் 24 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. கட்டுரையின் நாயகனைத் தாம் புனைந்ததாகக் கோன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார். அந்தப் பாடல்களின் அழகை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் டிஸ்கோவின் முகமாக உலகம் அறிந்துகொண்டது ஒரு புனைவின் முகம். லாஃப்டில் ஆடியவர்களின் முகம் அதில் இல்லை.

இரண்டாவது மறுபக்கம் குளோரியா கெய்னருடையது. மேடையில் விழுந்து, முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து, முதுகுப் பட்டை அணிந்த நிலையில் அவர் பாடிய ‘ஐ வில் சர்வைவ்’, 1978இல் ‘சப்ஸ்டிட்யூட்’ என்ற பாடலின் மறுபக்கமாகவே வெளிவந்தது. நடன அரங்குகளில் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். 1979 மார்ச்சில் அது முதலிடத்துக்கு வந்தது.

அதே ஆண்டு ஜூலை 12 அன்று சிகாகோவின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் ஒரு விளம்பர நிகழ்ச்சி நடந்தது. டிஸ்கோ தட்டு ஒன்றைக் கொண்டுவந்தால் 98 சென்ட் கட்டணத்தில் ஆட்டம் பார்க்கலாம். தம் வானொலி நிலையம் டிஸ்கோவுக்கு மாறியதால் வேலை இழந்திருந்த அறிவிப்பாளர் ஸ்டீவ் டால், சேர்ந்த தட்டுகளை மைதானத்தின் நடுவே வெடிவைத்துத் தகர்த்தார். ஏறத்தாழ 50,000 பேர் திரண்டிருந்த கூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்குள் பாய்ந்தனர். இரண்டாவது ஆட்டம் நடைபெறவேயில்லை.

அங்கே பார்வையாளர்களுக்கு இருக்கை காட்டும் வேலையில் இருந்த கறுப்பின இளைஞர் வின்ஸ் லாரன்ஸ், குவிந்த தட்டுகளில் பல டிஸ்கோவே அல்ல, கறுப்பினக் கலைஞர்களின் வேறு வகை இசை என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். தம் செயலில் இனவெறுப்போ தன்பாலீர்ப்பாளர் மீதான வெறுப்போ இல்லை என்பது டாலின் வாதம். அவருடைய உள்ளத்தை அளக்க நம்மால் இயலாது. ஆனால் எது டிஸ்கோ என்று பிரித்துப் பார்க்கக்கூட முனையாத கூட்டம் எதை எரிக்க வந்தது என்ற கேள்வி நம்முன் நிற்கிறது. சந்தையின் சலிப்பும் அதில் கலந்திருந்தது உண்மை. சலிப்புற்றவர்கள் வேறு பாட்டைக் கேட்பார்கள், வெடிமருந்தைத் தேடுவதில்லை.

டிஸ்கோ அன்றிரவு இறந்துபோனதாகச் சொல்வதுண்டு. அடுத்த மாதமே ஷீக் குழுவின் ‘குட் டைம்ஸ்’ முதலிடத்துக்கு வந்தது. அதன் அடித்தாள இசையின்மேல் செப்டம்பரில் ‘ராப்பர்ஸ் டிலைட்’ எழுந்தது. பெரிய நிறுவனங்கள் விலகிக்கொண்ட பின்னும் சிகாகோவின் ‘வேர்ஹவுஸ்’ அரங்கில் ஃபிராங்கி நக்கிள்ஸ் தட்டுகளைச் சுழற்றிக்கொண்டிருந்தார். அங்கிருந்து ஹவுஸ் இசை பிறந்தது. அதன் முதல் தட்டு என்று பலராலும் கருதப்படும், 1984இல் வந்த ‘ஆன் அண்ட் ஆன்’ பாடலை ஜெஸ்ஸி சாண்டர்ஸுடன் சேர்ந்து உருவாக்கியவர் அதே வின்ஸ் லாரன்ஸ்தான்.

2016இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்கப்பட வேண்டிய ஒலிப்பதிவுகளின் வரிசையில் ‘ஐ வில் சர்வைவ்’ பாடலைச் சேர்த்துக்கொண்டது. அதன் முன்பக்கத்தில் இருந்த பாட்டை இன்று நினைவில் வைத்திருப்பவர்கள் மிகச் சிலரே.